அத்தியாயம் 5: ஹார்டுபூட்ஸைப் பாதத்துக்கு இசைவித்தல்

தோலால் தைத்த பூட்ஸ் வழக்கிலிருந்த காலத்தில், பனிமலைக்குப் போகிறவன் முதல் சில வாரங்கள் வேதனைப்பட்டாலும், அந்தத் தோல் நாளடைவில் தன் பாதத்தின் மேடு பள்ளங்களுக்குத் தக்கபடி தானே தளர்ந்து இடங்கொடுத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். 1960களில் பாப் லாங்கே என்ற அமெரிக்கர் சறுக்குப் பூட்ஸுக்குப் பிளாஸ்டிக் ஓட்டைப் புகுத்தி, பின்னர் அதுவே எங்கும் பொது வழக்கமாகிவிட்டதும், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லாமற் போயிற்று. பிளாஸ்டிக் ஓடு பத்துப் பருவம் அணிந்தாலும் தன் உருவத்தை விட்டுக்கொடுக்காது. முழங்காலை ஓர் அங்குலம் சாய்த்தால் அந்தச் சாய்வு வழியில் எங்கும் விரயமாகாமல் பலகையின் விளிம்புக்குப் போய்ச் சேருவதற்கு அந்தப் பிடிவாதமே காரணம் என்பதால், அதைக் குறையென்று சொல்லவும் நமக்கு வாயில்லை.

ஆல்பைன் ஸ்னோபோர்டு என்று வழங்கும் ஒடுக்கமான, நீண்ட பலகையில், இரு பாதங்களையும் 45 முதல் 65 பாகை வரை முன்னோக்கித் திருப்பி நின்று, விளிம்பினாலேயே பனியைக் கீறிச் செல்லும் வித்தைக்கு இந்தக் கடினப் பூட்ஸ் இன்றியமையாதது. 1998ல் ஜப்பானின் நாகானோவில் ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது ஜயண்ட் ஸ்லாலம் பந்தயத்தில் கண்டதும், 2002 முதல் பாரலல் ஜயண்ட் ஸ்லாலத்தில் கண்டுவருவதும் இந்த வித்தையைத்தான். ஆனால் மென்மையான பூட்ஸ் அணிபவர்களின் பெருந்தொகைக்கு முன்னால் இந்தக் கூட்டம் மிகச் சிறியது, டீலக்ஸ், யு.பி.இஸட்., மவுண்டன் ஸ்லோப் என்று விரல் விட்டு எண்ணத்தக்க தயாரிப்பாளர்களே இருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊர்களிலேகூட இந்தப் பூட்ஸை எடுத்துப் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கக் கூடிய கடைகள் அரியவை. தபாலில் வரவழைத்த பூட்ஸையும் பழைய பூட்ஸையும் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூடத்திலேயே பரிகாரம் தேடவேண்டிய நிர்ப்பந்தம் பலருக்கு ஏற்படுவது இதனாலேதான்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு நியமத்தை மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். மீட்டுக்கொள்ளக் கூடிய மாறுதல்களை முதலிலும், மீட்க முடியாதவற்றைக் கடைசியிலும் செய்யவேண்டும். ஃபோம் துண்டு ஒட்டினால் பிடுங்கிவிடலாம். உள்ளடியை மாற்றினால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சுரண்டி எடுத்த பிளாஸ்டிக்கைத் திரும்ப வைக்க எந்தச் சாஸ்திரத்திலும் வழியில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை வற்புறுத்துவானேன் என்று தோன்றலாம். வலி எங்கே தெரிகிறதோ அங்கேயே குற்றமும் இருக்கிறது என்று எண்ணி, முதல் நாளே சுரண்டும் கருவியைக் கையில் எடுப்பதுதான் மனித சுபாவம் என்பதால் வற்புறுத்த வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்தப் பூட்ஸில், ஓரிடத்து வலி பெரும்பாலும் மற்றோரிடத்துத் தொளதொளப்பினால் உண்டாவது. குதிகால் நிலைகொள்ளாமல் எழும்பினால் பாதம் முன்னே நகர்ந்து விரல் நுனிகள் இடிபடும். விரல் இடிபடுகிறதே என்று பெரிய பூட்ஸ் வாங்கினால் குதிகால் இன்னும் அதிகமாக எழும்பும். அதை அடக்குவதற்காகப் புறங்கால்மேல் உள்ள பக்கிளை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். பாவம், அந்த மனிதர் விரல்களுக்குக் குளிர் தாங்கவில்லை என்று தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, இருந்த கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடுவார். இந்தச் சங்கிலி முழுவதற்கும் மூலம் குதிகால்.

ஆகவே முதற்காரியம் பரிசோதனை. பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, உடற்பாரம் முழுவதையும் அந்தக் காலில் இறக்கி நின்று, சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை அளக்கவேண்டும். அந்த அளவு சென்டிமீட்டரில் எவ்வளவோ அதுவே மாண்டோபாயிண்ட் என்னும் பூட்ஸ் அளவு, 26.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு 26.5 என்று பொறித்த பூட்ஸ். இரு பாதங்களும் ஒரே நீளமாக இருப்பது அபூர்வம். பெரிய பாதத்தை அளவாகக் கொண்டு சின்னதற்கு உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். அரை அளவு வித்தியாசத்தில் அதிக நம்பிக்கை வைக்கவேண்டியதில்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு அளவுகளுக்கு ஒரே ஓட்டைத்தான் வார்க்கிறார்கள், உள்ளே வைப்பதில்தான் பேதம்.

பிறகு உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் பாதத்தை வைத்து, விரல் நுனிகள் முன்சுவரை இலேசாகத் தொடும்படி நிறுத்தி, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு வெளியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 15 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உருண்டைக் கட்டையைச் செருகிப் பார்ப்பது கண்ணை நம்புவதைவிட மேல். கட்டை உராய்ந்து நுழைந்தால் உத்தமமான பொருத்தம். 10 மில்லிமீட்டர் என்றால் பந்தயக்காரருக்குரிய இறுக்கம். 20 வரை சௌகரியம் நாடுபவருக்குத் தகும். 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இடைவெளி கண்டால் இந்த அத்தியாயத்தை இதோடு மூடிவிட்டு, பூட்ஸை வேறொருவருக்கு விற்பதற்கு வழிபார்ப்பது நலம். சிறிய ஓட்டைப் பெரிதாக்க ஓரளவு முடியும். பெரிய ஓட்டைச் சிறிதாக்க முடியாது.

ஓடு சரியென்று கண்டபின் உள்ளடியைக் கவனிக்கவேண்டும். பூட்ஸோடு வரும் உள்ளடி, பெட்டியை நிரப்புவதற்கென்றே வைத்ததோ என்று சந்தேகப்படும்படி மெல்லியதாகவும் தட்டையாகவும் இருப்பது வழக்கம். பாதத்தின் உள்வளைவுக்கு ஆதாரமில்லாவிட்டால், பாரம் ஏறும்போதெல்லாம் வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டு அகன்று, கணுக்கால் உட்புறமாகச் சரிகிறது. உட்கார்ந்தும் நின்றும் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் இந்த வித்தியாசம் புலப்படும். வளைவையும் குதிகாலையும் தாங்கும் உறுதியான உள்ளடி ஒன்றைக் கடையில் வாங்கி, பழையதை மாதிரியாக வைத்து விரல்பக்கம் கத்தரித்துக்கொண்டால் போதும். இந்த ஒரு மாறுதலோடு உட்கணுக்கால் வலி நீங்கிவிட்டவர் பலர். ஆதாரம் உயரமாக இருந்தால் இன்னும் நல்லது என்று எண்ணி வளைவை மேலே தள்ளும்படி அமைப்பது தவறு. தசைப்பிடிப்புத்தான் மிஞ்சும்.

இனி குதிகால். குதிகாலைப் பிடித்து நிறுத்துவதற்குப் பின்னாலிருந்து நெருக்கவேண்டும் என்று தோன்றுவது சகஜம். ஆனால் பின்னால் ஃபோம் வைத்தால் பாதம் முன்னே தள்ளப்படுமேயொழிய, மேலே எழும்புவது நிற்காது. குதிகாலை நிறுத்தும் ஸ்தானம், கணுக்கால் எலும்புகளுக்குக் கீழேயும் பின்னேயும், குதிநரம்பின் இருபுறமும் உள்ள பள்ளம். பக்கவாட்டில் இந்தப் பள்ளம் நிரம்பியிருந்தால் எலும்புக்குக் கீழே ஒரு தடை ஏற்பட்டு, பாதம் மேலெழ வழியில்லாமற் போகிறது. ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள, அழுத்தினால் எளிதில் நசுங்காத ஃபோமை ‘ல’ எழுத்தின் வளைவைப் போல வெட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, உள்ளுறையின் வெளிப்புறத்தில், எலும்பைச் சுற்றிக் கீழும் பின்னும் தழுவும்படி முதலில் துணிநாடாவால் மட்டும் ஒட்டிப் பார்க்கவேண்டும். எலும்பின்மேல் ஒருபோதும் ஒட்டலாகாது; எலும்பைச் சுற்றி நிரப்புவது, எலும்புக்கு வெளிவிடுவது, இந்த இரண்டுமே இந்த வேலையின் சூத்திரம். இரண்டு மூன்று நாள் அணிந்து பார்த்து, இடம் சரிதான் என்று நிச்சயமானபிறகு பசைபோட்டு ஒட்டலாம்.

புறங்கால் தாழ்ந்தவர்களுக்கு, பக்கிளை எவ்வளவு இறுக்கினாலும் பாதத்துக்கு மேலே வெற்றிடம் மிஞ்சும். உள்ளுறைக்கு அடியில், ஓட்டின் தளத்தட்டின்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான அட்டையையோ பழைய உள்ளடியையோ போட்டால் பாதம் முழுவதும் உயர்ந்து வெற்றிடம் நிரம்பிவிடும். புறங்கால் உயர்ந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிகிச்சை: தளத்தட்டு கழற்றக் கூடியதாக இருந்தால் அதை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு மில்லிமீட்டர் தாழ்த்தலாம். விரல் மரத்துப்போகிறது என்று முறையிடுபவர்களில் ஒரு சாராருக்கு இதுவே மருந்தாகிவிடுகிறது.

உள்ளுறைகளில் பல, சூட்டில் இளகி ஆறும்போது பாதத்தின் உருவத்தை ஏற்கும் ஃபோமினால் ஆனவை. அதைப் பாதத்துக்கு வார்த்துக்கொள்வது வீட்டில் செய்யக் கூடிய வேலைகளுள் மிகுந்த பலன் தருவது. ஆனால் உள்ளுறை அந்த ஜாதியைச் சேர்ந்ததுதானா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்து முதலில் உறுதி செய்துகொள்ளவேண்டும். விசிறியுள்ள மின்அடுப்பைச் சுமார் 120 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, உள்ளடியை அகற்றிய உறையை ஒரு மரப்பலகையின்மேல் வைத்து, உலோகச் சுவரை எங்கும் தொடாதபடி பத்து நிமிஷம் போல வைத்திருப்பது ஒரு முறை. தயாரிப்பாளர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுவே பிரமாணம். நெருப்பு நேராக எரியும் காஸ் அடுப்பு இதற்கு உதவாது.

மற்றொரு முறை அரிசி. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சறுக்குக்காரர்களிடையே நன்கு பரவிய உபாயம் இது. நீளமான பருத்திக் காலுறையில் ஏறக்குறைய ஒரு கிலோ அரிசியை இட்டு முடிந்து, மைக்ரோவேவ் அடுப்பில் விட்டுவிட்டுச் சூடாக்கி, இடையிடையே குலுக்கி, கையால் தொடமுடியாத சூடு வந்ததும் உள்ளுறைக்குள் விரல்முனை வரை திணித்து, துண்டால் போர்த்திவைத்தால், சூடு உள்ளிருந்து வெளியே மெல்லப் பரவுகிறது. பாதத்தைத் தொடும் பக்கம் நன்றாக இளகி, ஓட்டைத் தொடும் பக்கம் மிதமாக நிற்பதால், உறை கருகவோ சுருங்கவோ அஞ்சவேண்டியதில்லை என்பது இதன் விசேஷம். பச்சரிசி, புழுங்கலரிசி என்ற பேதம் இதற்கில்லை. ஓர் உறைக்குச் சூடாக்கிய அரிசியையே மறுபடி சூடாக்கி அடுத்ததற்கும் உபயோகிக்கலாம். அன்னத்தை இப்படிப் பிரயோகிப்பதைப் பார்க்க நேர்ந்தால் நம் பாட்டிமார் என்ன சொல்வார்கள் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

உறை சூடாகிக்கொண்டிருக்கும்போதே பாதத்தைத் தயார்செய்துகொள்ளவேண்டும். விரல்கள் அசைய இடம் வேண்டுமென்பதற்காக, பழைய காலுறையின் முனையை வெட்டி விரல்களுக்குத் தொப்பியாக மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களில் மெல்லிய ஃபோம் வில்லைகளை ஒட்டி, உள்ளடியைப் பாதத்தின் கீழ்ச் சேர்த்து, எல்லாவற்றின்மேலும் ஒரு மெல்லிய காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வது முறை. சூடான உறையை மடிப்பு விழாமல் ஓட்டுக்குள் இறக்கி, பாதத்தை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளி, பக்கிள்களை மெதுவாக மாட்டி, முழங்காலைச் சறுக்கும் பாவனையில் இலேசாக மடக்கியபடி பத்து நிமிஷம் அசையாமல் நிற்கவேண்டும். இதிலே ஸ்கீ பூட்ஸுக்கில்லாத ஒரு நுட்பம் உண்டு. ஸ்னோபோர்டில் முன்காலும் பின்காலும் ஒரே விதமாக வளைவதில்லை. பின்காலின் குதி உயர்ந்து கணைக்கால் அதிகமாக முன்சாய்ந்திருக்கும். ஆகவே பின்கால் பூட்ஸின் சாய்வை, பனியில் எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படியே அமைத்துக்கொண்டு வார்ப்பது உசிதம். ஆறியபின் அவசரப்பட்டுக் கழற்றாமல், உறை ஓட்டுக்குள்ளேயே ஓரிரவு கிடக்கட்டும்.

குதிகாலுக்கடியில் ஆப்பு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கணுக்கால் போதுமான அளவு மடங்காதவர்களுக்கு, பூட்ஸுக்குள் குதியின் கீழ் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ஆப்பு வைத்தால் நிம்மதி கிடைக்கும். ஆனால் அதற்கு மேற்பட்டால் கணுக்கால் எலும்பு, ஓட்டில் அதற்கென்று குழித்த இடத்தை விட்டு மேலேறி, புறங்காலும் நெரிபடும். பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கின் கீழே வைக்கும் ஆப்போ வேறு காரியத்தைச் செய்கிறது: அது பூட்ஸை முழுவதுமாகச் சாய்க்கிறது, உள்ளே பாதத்துக்கும் ஓட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைத் தொடுவதில்லை. முன்காலில் விரல்பக்கமும், பின்காலில் குதிப்பக்கமும் உயர்த்துவது சாதாரண ஏற்பாடு. முழங்கால் வலிக்கும் இடுப்பின் சங்கடத்துக்கும் வெளி ஆப்பையும், கணுக்காலின் பிடிவாதத்துக்கு உள் ஆப்பையும் நாடவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணம் செய்தது என்று பிரம்மனாலும் சொல்லமுடியாது.

இவ்வளவும் செய்தபிறகும், சிறுவிரல் பக்கத்து எலும்போ, உட்கணுக்காலுக்கு முன்னே துருத்தும் எலும்போ ஓட்டில் அழுந்துமானால், அப்போதுதான் ஓட்டின்மேல் கைவைக்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்க உதட்டுச்சாயத்துக்கு இணையான சாதனமில்லை. மெல்லிய காலுறையின்மேல், எலும்பு துருத்தும் புள்ளியில் சாயத்தைத் தாராளமாகப் பூசி, வெறும் ஓட்டுக்குள் பாதத்தைக் கவனமாக இறக்கி, அந்தப் பக்கமாக ஒருமுறை சாய்ந்து எடுத்தால், உட்சுவரில் அச்சு விழும். உள்ளுறையின் கனத்தையும் உள்ளடியின் உயரத்தையும் மறந்துவிடலாகாது என்பதால், உள்ளடியைப் பாதத்தின்கீழ் வைத்தே அச்செடுப்பது நியாயம்.

பிறகு ஓட்டை வெளித்தள்ளும் வேலை. உட்புறத்துக்கு எலும்பின் பருமனில் உருட்டித் தேய்த்த ஒரு மரக்குமிழ், வெளிப்புறத்துக்கு அதைவிடப் பெரிய வாயுள்ள பி.வி.சி. குழாயின் இணைப்பு வளையம், இரண்டையும் நெருக்க ஒரு சி-கிளாம்ப்; இவை ஹார்டுவேர் கடையில் கிடைப்பவை. பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்திலும் நிறுத்தாமல் வட்டமாக அசைத்துக்கொண்டே, பிளாஸ்டிக் இளகி அழுத்தினால் இணங்கும்வரை சூடேற்றவேண்டும். மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கினால் சூடு மிஞ்சுகிறது, உடனே விலக்கிவிடவேண்டும். குமிழும் வளையமும் அச்சு விழுந்த இடத்தில் நேருக்கு நேர் இருக்கும்படி கிளாம்பை முறுக்கி, ஆறவிட்டு, மறுநாள்தான் தளர்த்தவேண்டும். பிளாஸ்டிக் தன் பழைய உருவத்தை முழுவதும் மறப்பதில்லை. கழற்றியதும் சிறிது பின்வாங்கும் என்று எதிர்பார்த்து, வேண்டியதைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகமாகவே தள்ளிவைப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். பாலியூரித்தேன் ஓட்டுக்கே இந்த முறை பொருந்தும். வேறு பிளாஸ்டிக்கானால் கைதேர்ந்த பூட்ஸ் சீரமைப்பாளரிடம் கொடுத்துவிடலாம். ஸ்கீ பூட்ஸ் வேலை தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்ததே.

ஓர் எச்சரிக்கை. விரல்முனைக்கு வெளியே பைண்டிங்கின் கம்பி பற்றும் விளிம்பு, குதிக்குக் கீழே ஸ்டெப்-இன் பூட்டு செருகும் பகுதி, இவற்றின் அருகே சூடும் கூடாது, சுரண்டலும் கூடாது. பலகையோடு உங்களைப் பிணைப்பவை அவைதாம். அங்கே உருவம் பிசகினால் பைண்டிங் சரியாகப் பூட்டாது. சுரண்டுவதைப் பொறுத்தமட்டில், சின்னச் சுழல்கருவியால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், மூக்கில் முகமூடி கட்டிக்கொண்டு, வெளித்தள்ளியும் போதாத இடத்தில் மட்டும் செய்வது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கணைக்காலின் முன்னெலும்பு கன்றிப்போவது பெரும்பாலும் பூட்ஸின் நாக்குக்கும் காலுக்கும் இடையே வெளியிருந்து, வளைவுதோறும் கால் போய் மோதுவதால்தான். மேல்பட்டையை இறுக்கினாலே பாதி தீரும். உட்காற்சட்டையின் முனையைப் பூட்ஸுக்குள் திணிப்பவர்களுக்கு மற்றப் பாதி தீர வழியில்லை. பூட்ஸுக்குள் போகவேண்டியவை பாதமும் ஒரே ஒரு மெல்லிய காலுறையும் மட்டும். கெண்டைக்கால் தசை பருத்தவர்கள் பின்புறத்து ஃபோம் துண்டைக் கழற்றிவிட்டு, பக்கிள் கொக்கிகளை அடுத்த துளைக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மாறுதலுக்குப் பிறகும் வீட்டிலேயே அரைமணி நேரம் அணிந்து பார்க்கவேண்டும். நிமிர்ந்து நின்று விரல் முட்டுகிறதே என்று கலங்கவேண்டாம். முழங்காலை மடக்கியதும் குதி பின்வாங்கி விரல்கள் விலகவேண்டும், அதுதான் சோதனை. இயன்றால் பலகையைக் கம்பளத்தின்மேல் போட்டு, பைண்டிங்கில் ஏறி நின்று பார்ப்பது உத்தமம். பக்கிள் மாட்டும் முறையும் முக்கியம்: முதலில் கணுக்காலுக்கு எதிரே உள்ள பக்கிளை மாட்டி, குதியை அதன் இருப்பிடத்தில் அமர்த்தி, பிறகு கணைக்கால் பக்கிள்களையும், கடைசியாக விரல்பக்கத்தை இலேசாகவும் மாட்டவேண்டும். விரல்பக்கத்துப் பக்கிளின் வேலை, பனி உள்ளே புகாமல் காப்பது என்பதற்கு மேல் அதிகமில்லை.

புது உறை சில நாள் உபயோகத்தில் அமுங்கித் தளரும் என்பதால், முதல்நாள் இருக்கும் இறுக்கத்தைக் கண்டு ஓட்டைத் தள்ள விரையவேண்டாம். பனியில் நாலைந்து நாள் கழிந்தபின் எஞ்சும் வலியே கணக்கில் சேரும். ஆயினும் பூட்ஸைக் கழற்றிய மறுநாளும் மரமரப்பு நீங்காவிட்டால் அது ஃபோமும் ஹீட் கன்னும் தீர்க்கும் விவகாரமல்ல, வைத்தியரிடம் காட்டவேண்டியது. நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த வேலைகளைத் தாமாகத் தொடங்கவே கூடாது. மாலையில் உள்ளுறையை வெளியே எடுத்து, ஹீட்டரின் நேர்ச்சூட்டில் படாமல் காற்றாட உலர்த்தி, மறுபடி ஓட்டுக்குள் செருகி, பக்கிள்களை முதற்பல்லில் மாட்டி வைக்கவேண்டும்; திறந்தபடி விட்ட ஓடு நாளடைவில் வாய்பிளந்து உருமாறும், காலையில் குளிர்ந்து விறைத்த ஓட்டுக்குள் கால் நுழைப்பதும் பெரும்பாடு. ஆகையால் இரவில் பூட்ஸை வண்டியில் விட்டுவைக்காமல் அறைக்குள் கொண்டுவந்துவிடவேண்டும்.